ஆயிரம் ஃபாரட் என்றால் எவ்வளவு? சூப்பர் கெப்பாசிட்டரும் உலோக மின்முனைகளும்

"ஐந்து நிமிடத்தில் முழு சார்ஜ்", "லட்சம் முறை ஏற்றி இறக்கினாலும் தேயாத புதிய உலோகப் பொருள்" என்ற மாதிரி சூப்பர் கெப்பாசிட்டர் பற்றிய செய்திகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. மதுரை, காரைக்குடி வட்டாரக் கல்லூரி ஆய்வகங்களிலும் நிக்கல், கோபால்ட், மாங்கனீசு ஆக்சைடுகளை வைத்து இதே வேலை நடக்கிறது. வேதியியலிலும் இயற்பியலிலும் முதுநிலை படிக்கும் பிள்ளைகள் பலருக்கு இதுதான் புராஜெக்ட். செய்தியில் வரும் எண் எப்போதும் பெரிதாக இருக்கும்: ஒரு கிராமுக்கு 1,000 ஃபாரட், 2,000 ஃபாரட். மின்னூட்டத்தைத் தேக்கும் திறனை அளக்கும் அலகுதான் ஃபாரட். இவ்வளவு நல்ல பொருள் கையில் இருந்தால் அது ஏன் இன்னும் கடைக்கு வரவில்லை என்று படிப்பவர் கேட்பது நியாயம்.

பதில் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று தெரிந்தால் போதும். அதற்கு அடிப்படையிலிருந்து வரவேண்டும்.

ஃபேன் கண்டன்சரிலிருந்து தொடங்கலாம்

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலெக்ட்ரீஷியன் முதலில் சந்தேகப்படுவது கண்டன்சரைத்தான். மேலமாசி வீதிக் கடையில் போய்க் கேட்டால் "2.5-ஆ, 3.15-ஆ?" என்பார்கள். அந்த 2.5 மைக்ரோ ஃபாரட் கணக்கு. பத்து லட்சம் மைக்ரோ ஃபாரட் சேர்ந்தால்தான் ஒரு ஃபாரட்.

கண்டன்சர், கெப்பாசிட்டர், மின்தேக்கி எல்லாம் ஒன்றுதான். இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் மின்சாரம் கடக்காத மெல்லிய படலம். ஒரு தகட்டில் நேர் மின்னூட்டம் சேரும், மற்றதில் எதிர் மின்னூட்டம் சேரும். உள்ளே வேதிவினை எதுவும் இல்லை. அதனால் நொடியில் நிரம்பும், நொடியில் காலியாகும், பல லட்சம் தடவை செய்தாலும் தேயாது. குறை என்னவென்றால் கொள்வது மிகக் கொஞ்சம்.

கொள்ளளவைக் கூட்ட இரண்டு வழி: தகட்டின் பரப்பைப் பெருக்கலாம், இடைவெளியைக் குறைக்கலாம். சூப்பர் கெப்பாசிட்டர் இரண்டையும் செய்கிறது. தகட்டுக்குப் பதில் செயலூட்டிய கரி. அதன் ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளின் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் 1,000 முதல் 2,000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் கால் ஏக்கரிலிருந்து அரை ஏக்கர். படலத்துக்குப் பதில் மின்பகுளி, அதாவது அயனிகள் கரைந்திருக்கும் திரவம். கரியின் சுவரில் மின்னூட்டம் ஏறியதும் எதிர்ப்புற அயனிகள் சுவரை ஒட்டி வந்து வரிசையாக நிற்கின்றன. இடைவெளி ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. இந்த 'இரட்டை அடுக்கு'க் கருத்தை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-இலேயே சொல்லிவிட்டார். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் முதல் காப்புரிமை 1957-இல் வந்தது. ஜப்பானின் என்ஈசி நிறுவனம் 1978-இல் 'சூப்பர் கெப்பாசிட்டர்' என்ற பெயரோடு விற்பனைக்குக் கொண்டுவந்தது.

தொழிற்சாலைகள் இந்தக் கரியைப் பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்கின்றன. சோழவந்தான் தோப்புகளில் சிரட்டைக்குக் குறைவில்லை. ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போட்டு எரிக்கும் சீமைக்கருவேலங்கரியைக்கூடச் செயலூட்டி மின்முனைக்குப் பயன்படுத்தலாம்.

கடையில் கிடைக்கும் பெரிய சூப்பர் கெப்பாசிட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 3,000 ஃபாரட், 2.7 வோல்ட், எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஃபாரட்டை மட்டும் பார்த்தால் இது ஃபேன் கண்டன்சரைப்போல 120 கோடி மடங்கு. அதில் சேரும் ஆற்றலுக்குச் சூத்திரம் இது:

ஆற்றல் = ½ × தேக்குத்திறன் (ஃபாரட்) × மின்னழுத்தம் × மின்னழுத்தம்

போட்டுப் பார்த்தால் சுமார் 10,900 ஜூல் வருகிறது. வாட்-மணியில் சொன்னால் 3. சட்டைப் பையில் இருக்கும் 5,000 மில்லி ஆம்பியர்-மணி செல்போன் பேட்டரியில் ஏறத்தாழ 19 வாட்-மணி இருக்கிறது. அதாவது கிலோவுக்கு லித்தியம் அயனி பேட்டரி 150 முதல் 250 வாட்-மணி தரும்போது, சூப்பர் கெப்பாசிட்டர் தருவது வெறும் 6. இந்த 6-ஐ எப்படியாவது உயர்த்த வேண்டும் என்பதற்காகத்தான் உலோகங்கள் உள்ளே வருகின்றன.

சூத்திரத்தில் மின்னழுத்தம் இரண்டு தடவை வருவதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எல்லாம் அதில்தான் போய் நிற்கும்.

திண்ணை, முகப்பு, இரண்டாம் கட்டு

மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்க மூன்று முறைகள் உண்டு. காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீட்டை மனதில் வைத்தால் எளிதில் விளங்கும்.

1. திண்ணை முறை. வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து எழுந்து போகிறார். வீட்டுக்குள் எதுவும் மாறவில்லை. கரியில் நடப்பது இதுதான்: அயனி சுவரை ஒட்டி நிற்கிறது, விலகுகிறது. வேகம் அதிகம், ஆயுள் அதிகம், கொள்ளளவு குறைவு.

2. முகப்பு முறை. வந்தவர் வாசலைத் தாண்டி முகப்புக்கு வந்து, கையில் கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். சில உலோக ஆக்சைடுகளில் அயனி மேற்பரப்பிலோ அதற்குச் சற்று உள்ளேயோ வந்து சேரும்போது, அங்குள்ள உலோக அணு ஓர் எலெக்ட்ரானை ஏற்றுத் தன் ஆக்சிஜனேற்ற நிலையை மாற்றிக்கொள்கிறது. வேதிவினைதான், ஆனால் மேலோட்டமானது, சட்டென்று திரும்பக்கூடியது. இதற்குப் போலி மின்தேக்கம் என்று பெயர். 'போலி' என்றால் ஏமாற்று என்று பொருளில்லை. வினை நடந்தாலும் வெளியிலிருந்து அளக்கும்போது மின்தேக்கியைப்போலவே நடந்துகொள்கிறது என்பதுதான்.

3. இரண்டாம் கட்டு முறை. வந்தவர் மூட்டை முடிச்சோடு இரண்டாம் கட்டுக்கே போய்த் தங்குகிறார். அவருக்காக வீட்டையே ஒதுங்கவைக்க வேண்டியிருக்கிறது. பேட்டரி இப்படித்தான்: அயனி படிகத்தின் ஆழத்துக்குள் நுழைகிறது, படிகத்தின் அமைப்பே மாறுகிறது. கொள்ளளவு அதிகம், ஆனால் நேரம் பிடிக்கும். திரும்பத் திரும்பச் செய்தால் சுவர் விரிசல் விடும்.

உலோக மின்முனை ஆய்வின் நோக்கம் இரண்டாவது முறை. குழப்பம் வருவது, மூன்றாவது முறையில் இயங்கும் பொருளை இரண்டாவது என்று சொல்லும்போது. அதற்கு வருகிறேன்.

எந்த உலோகம்?

முதலில் வழிகாட்டியது ருத்தேனியம். அதன் ஆக்சைடு மின்தேக்கியைப்போல நடந்துகொள்வதை 1971-இல் இத்தாலியில் டிராசாட்டியும் புசான்காவும் கண்டார்கள். 1995-இல் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் நீரேறிய ருத்தேனியம் ஆக்சைடு கிராமுக்கு 720 ஃபாரட் தந்தது. கரி தருவது 100 முதல் 200 வரை. மின்சாரமும் நன்றாகக் கடக்கும், புரோட்டானும் உள்ளே எளிதாக ஓடும். எல்லாம் சரி, விலைதான் இடிக்கிறது. ருத்தேனியம் பிளாட்டினம் சுரங்கங்களில், பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில், துணைப்பொருளாகக் கொஞ்சமாகக் கிடைப்பது. பேருந்துக்கும் காற்றாலைக்கும் அதை வைத்துக் கட்டுப்படியாகாது.

அடுத்தது மாங்கனீசு. இது நமக்குப் பழக்கமான பொருள். சின்ன வயதில் டார்ச் லைட் பேட்டரியை உடைத்துப் பார்த்தவர்களுக்குக் கையில் ஒட்டிய கறுப்புத் தூள் நினைவிருக்கும். கரித்தூளோடு கலந்த மாங்கனீசு டை ஆக்சைடு அது. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ஒடிசா மண்ணில் மாங்கனீசுத் தாது கிடைக்கிறது. விலை மலிவு, நச்சும் குறைவு. 1999-இல் லீயும் குட்இனஃபும், ஆம், பின்னாளில் லித்தியம் பேட்டரிக்காக நோபல் பரிசு பெற்ற அதே குட்இனஃப்தான், மாங்கனீசு டை ஆக்சைடு சாதாரண உப்புக் கரைசலிலேயே போலி மின்தேக்கியாக வேலை செய்யும் என்று காட்டினார்கள். அமிலம் வேண்டாம், காரம் வேண்டாம்.

ஒவ்வொரு மாங்கனீசு அணுவும் ஓர் எலெக்ட்ரானை ஏற்றால், ஒரு வோல்ட் எல்லைக்குள் கிராமுக்குச் சுமார் 1,110 ஃபாரட் வரவேண்டும். மிக மெல்லிய படலத்தில் அதற்குப் பக்கத்தில் வரவும் செய்கிறது. ஆனால் உண்மையான சாதனத்துக்கு வேண்டிய தடிமனில் பூசினால் 150 முதல் 250-க்கு இறங்கிவிடுகிறது. காரணம், மாங்கனீசு டை ஆக்சைடு மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்தும். மேல்தோல் மட்டும் வேலை செய்கிறது, உள்ளே இருப்பது வெறும் எடை. அதனால்தான் அதைத் தனியாக விடாமல் கார்பன் நானோகுழாய், கிராஃபீன் போன்ற நல்ல கடத்திகளின் மேல் மெல்லிய தோலாக வளர்க்கிறார்கள். என் பார்வையில் இந்தத் துறையில் உண்மையான முன்னேற்றம் இங்கேதான் இருக்கிறது. புதிய உலோகம் தேடுவதைவிட, தெரிந்த உலோகத்துக்கு எலெக்ட்ரான் போய்வர ஒழுங்காகப் பாதை போட்டுத் தருவது பெரிய வேலை.

மூன்றாவது கூட்டம் நிக்கலும் கோபால்ட்டும்: ஹைட்ராக்சைடு, ஆக்சைடு, இரண்டும் கலந்த நிக்கல் கோபால்டைட், அவற்றின் சல்ஃபைடுகள். சல்ஃபைடுகள் ஆக்சைடுகளைவிட நன்றாக மின்கடத்தும். 2,000 ஃபாரட் என்று செய்தியில் வருவது பெரும்பாலும் இந்தக் கூட்டத்திலிருந்துதான். 2011-இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் பிறந்த மெக்சீன் என்ற அடுக்குப் பொருள் வேறு வகை. டைட்டானியம் கார்பைடு ஏடுகளால் ஆன அது உலோகத்தைப்போலவே மின்கடத்தும், ஆனால் காற்றும் ஈரமும் பட்டால் மெல்ல ஆக்சைடாகிவிடும்.

ஆய்வகத்தில் எப்படிச் செய்கிறார்கள்?

நிக்கல் உப்பையும் கோபால்ட் உப்பையும் யூரியாவோடு தண்ணீரில் கரைத்து, உள்ளே டெஃப்ளான் குவளை வைத்த எஃகுக் கலனில் ஊற்றி இறுக மூடி, 120 முதல் 180 டிகிரி அடுப்பில் பல மணி நேரம் விடுகிறார்கள். பிரஷர் குக்கரின் தத்துவம்தான். கலனுக்குள் முன்பே வைத்த நிக்கல் நுரைத் தகட்டின், அதாவது பஞ்சுபோலத் துளைகள் நிறைந்த நிக்கல் தகட்டின் மேல் ஊசியாகவோ இதழாகவோ படிகங்கள் வளர்ந்திருக்கும். கழுவி, உலர்த்தி, சூடாக்கினால் மின்முனை தயார். பெரிய முதலீடு வேண்டாத முறை என்பதால் நம் ஊர்க் கல்லூரிகளுக்கும் எட்டுகிறது.

இதில் தேர்ந்த கைகள் நம் பக்கத்தில் இருப்பதற்குப் பின்னணி உண்டு. மதுரையிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டரில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது.

எண்ணில் எங்கே தவறுகிறோம்?

கிராமுக்கு 1,000 ஃபாரட் தரும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது சாதனமாகும்வரை பின்தொடர்ந்து போவோம்.

1. ஆய்வகத்தில் அளப்பது ஒரு மின்முனையை மட்டும். சாதனத்தில் இரண்டு வேண்டும், அவை தொடராக இணைகின்றன. தொடரில் இணைத்தால் தேக்குத்திறன் பாதி. எடையோ இரட்டிப்பு. ஆகக் கிராமுக்கு 1,000 என்பது சாதனத்தில் 250. இதில் யாருடைய தவறும் இல்லை, இயற்பியல் அப்படி.

2. தண்ணீரில் கரைத்த மின்பகுளி 1.23 வோல்ட்டுக்கு மேல் தாங்குவது கஷ்டம். தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும். பாதுகாப்பாக ஒரு வோல்ட் என்று வைத்தால், ஆற்றல் = ½ × 250 × 1 × 1 = கிராமுக்கு 125 ஜூல். கிலோவுக்கு ஏறத்தாழ 35 வாட்-மணி.

3. இப்போது சாதாரணச் சிரட்டைக் கரியைப் பாருங்கள். கிராமுக்கு 100 ஃபாரட்தான், சாதனத்தில் 25. ஆனால் அது கரிமக் கரைப்பானில் 2.7 வோல்ட் தாங்கும். ½ × 25 × 2.7 × 2.7 = கிராமுக்கு 91 ஜூல். கிலோவுக்கு 25 வாட்-மணி.

பத்து மடங்கு ஃபாரட் இருந்தும் ஆற்றலில் ஒன்றரை மடங்குகூட இல்லை. மின்னழுத்தம் இரண்டு தடவை பெருக்கப்படுவதன் விளைவு இது.

4. மேலே சொன்ன 25-உம் 35-உம் செயல்படும் பொருளின் எடைக்கு மட்டும். உறை, தகடு, திரவம், பிரிப்பான் எல்லாம் சேர்த்தால் செயல்படும் பொருள் கால் பங்குதான் இருக்கும். கரிக்கு 25-இல் கால் பங்கு 6. கடையில் வாங்கும் சாதனத்தின் எண் இதுவே.

5. கால் பங்கு என்பதும் தடிமனாகப் பூசினால்தான். வணிகச் சாதனத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் பூசுவார்கள். ஆய்வுகளில் ஒரு மில்லிகிராம், சில சமயம் அதற்கும் குறைவு. அதைத் தாங்கும் நிக்கல் நுரையோ சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல். நுரையின் எடையையும் சேர்த்து வகுத்தால் கிராமுக்கு 1,000 என்பது 30-ஐ ஒட்டி வந்து நிற்கும்.

6. நிக்கல் நுரை சும்மா இருப்பதும் இல்லை. காரக் கரைசலில் அதன் மேற்பரப்பிலேயே நிக்கல் ஹைட்ராக்சைடு உண்டாகி, அதுவும் மின்னூட்டம் சேர்க்கிறது. பூசியது கொஞ்சமாக இருந்தால், நுரையின் பங்கும் புதிய பொருளின் கணக்கில் ஏறிவிடும். வெறும் நுரையைத் தனியாக அளந்து கழிக்காத எந்த எண்ணையும் நான் நம்பமாட்டேன்.

7. கடைசியாக, ஃபாரட் என்ற அலகே பொருந்துமா என்ற கேள்வி. மின்தேக்கியை ஏற்றி இறக்கும்போது மின்னழுத்தம் சாய்பலகைபோல ஒரே சீராக ஏறி இறங்க வேண்டும். வரைபடத்தில் மின்னோட்டம் செவ்வகமாகத் தெரியும். நிக்கல், கோபால்ட் ஹைட்ராக்சைடுகளில் வருவது இரண்டு கூர்மையான மேடுகள். மின்னழுத்தம் ஓரிடத்தில் படிபோலத் தங்கி நிற்கும். அது பேட்டரியின் குணம். நிக்கல் ஹைட்ராக்சைடு நிக்கல்-காட்மியம் பேட்டரியில் பல காலமாக இருக்கும் பொருள்தானே? அதன் சேமிப்பை ஃபாரட்டில் சொல்லக்கூடாது, மின்னூட்டத்தின் அலகான கூலூம்பில் சொல்ல வேண்டும் என்று புரூஸ், பெலாஞ்சர், லாங் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2015-இல் தெளிவாக எழுதினார்கள். அதற்கு முன்பே 2011-இல் கோகோட்சியும் சிமோனும் மெல்லிய படலத்தில் அளந்த எண்ணைச் சாதனத்தின் எண்ணாகக் கொள்ளாதீர்கள் என்று எச்சரித்திருந்தார்கள்.

இவ்வளவும் சொல்வது நிக்கல் ஆய்வைத் தள்ளிவிட அல்ல. ஒரு பக்கம் பேட்டரி வகை மின்முனை, மறுபக்கம் கரி என்று சேர்த்தால் அது கலப்புச் சாதனம், நல்ல சாதனம். அதை அந்தப் பெயரிலேயே சொன்னால் அடுத்தவர் அதன் மேல் கட்டமுடியும்.

வழி எது?

மின்னழுத்தத்தை உயர்த்துவதுதான். அதற்கு மலிவான வழி சமச்சீரற்ற அமைப்பு: நேர்முனையில் மாங்கனீசு டை ஆக்சைடு, எதிர்முனையில் கரி, நடுவில் சோடியம் சல்ஃபேட் கரைசல். இரண்டு முனைகளும் வெவ்வேறு எல்லையில் வேலை செய்வதாலும், நடுநிலைக் கரைசலில் தண்ணீர் பிரிவது தாமதமாவதாலும் 1.8 முதல் 2 வோல்ட் வரை போகலாம்.

கிராமுக்கு வெறும் 200 ஃபாரட் தரும் தடிமனான மாங்கனீசு மின்முனையும், 150 ஃபாரட் கரியும் வைத்து, 2 வோல்ட்டில் கணக்குப் போட்டால் கிலோவுக்கு 24 வாட்-மணி வருகிறது. ஆயிரம் ஃபாரட் பொருள் ஒரு வோல்ட்டில் தந்தது 35. ஐந்தில் ஒரு பங்கு ஃபாரட்டை வைத்துக்கொண்டு மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்! அதுவும் தீப்பிடிக்காத உப்புத் தண்ணீரில், மலிவான உலோகத்தில். தலைப்புச் செய்தி ஆகாத இந்தச் சேர்க்கையைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன்.

நம் பக்கம் இதற்கு என்ன வேலை?

திருப்பரங்குன்றத்திலிருந்து பெரியார் நிலையம் போகும் டவுன் பஸ் எத்தனை தடவை நின்று கிளம்புகிறது என்று எண்ணிப் பாருங்கள். 12 டன் பேருந்து மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக் பிடித்தால் 6 லட்சம் ஜூல் சூடாகி வீணாகிறது. அதைச் சில நொடிகளில் வாங்கி, கிளம்பும்போது திருப்பித் தர வேண்டும். அவ்வளவு வேகமாக வாங்கினால் பேட்டரி சீக்கிரம் கெடும். முன்பு பார்த்த 3,000 ஃபாரட் கெப்பாசிட்டரில் பாதி மின்னழுத்தம் வரை இறக்கினால் 8,200 ஜூல் கையாளலாம்; அப்படி 73 சேர்ந்தால் போதும். எடை 40 கிலோவுக்குள். வழியில் கொஞ்சம் இழப்பு இருக்கும், ஆனாலும் கணக்கு நடைமுறைக்கு ஒத்துவருகிறது. ஷாங்காயில் 2006-இலேயே நிறுத்தத்துக்கு நிறுத்தம் சார்ஜ் ஏற்றி ஓடும் கெப்பாசிட்டர் பேருந்துகளை விட்டார்கள். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. மேகம் கடக்கும் சில நொடிகளின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வதும் இதே வகை வேலை. இரவு முழுக்க விளக்கெரிய வேண்டுமென்றால் பேட்டரிதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஆண்டிபட்டிப் பக்கம் நிற்பவை போன்ற காற்றாலைகள் இன்னொரு நல்ல உதாரணம். பெருங்காற்றில் மின்சாரம் போய்விட்டால், இறக்கைகளைத் திருப்பிக் காற்றுக்கு வழிவிட்டுச் சுழற்சியை நிறுத்த வேண்டும். அந்த ஒரு நிமிட வேலைக்கான சக்தியைப் பல காற்றாலைகளில் நடுக்குமிழுக்குள் இருக்கும் சூப்பர் கெப்பாசிட்டர்கள் தருகின்றன. பேட்டரி வைத்தால் அவ்வளவு உயரத்துக்கு ஏறி அடிக்கடி மாற்ற வேண்டும்.

அந்தக் குமிழுக்குள் வெயில் காலத்தில் என்ன சூடு இருக்கும் என்பது ஆராய்ச்சிக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். சந்தையில் உள்ள கரிச் சாதனங்கள் பொதுவாக 65 டிகிரி வரை தாங்கும். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது துறையின் தோராய விதி. உலோக ஆக்சைடுகளுக்கு இன்னும் சிரமம்: சூட்டில் மாங்கனீசு கரைசலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கும், ஏற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றிலும் படிகம் உப்பிச் சுருங்கி நுரையிலிருந்து உதிரும். கரி பத்து லட்சம் சுற்று ஓடும் இடத்தில், உலோக மின்முனை ஆய்வுகளில் ஐயாயிரம், பத்தாயிரம் சுற்றோடு சோதனை பெரும்பாலும் நின்றுவிடுகிறது, அதுவும் 25 டிகிரி ஏசி அறையில். மதுரையில் சித்திரையில் வெளியே 40 டிகிரி. அந்தச் சூட்டில், சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிகிராம் பூசி, முழுச் சாதனமாக மூடி, லட்சம் சுற்று ஓடவிட்டு எடுத்த எண் 80 ஃபாரட்டாக இருந்தாலும் அதை எழுதலாம். காற்றாலைக்காரருக்கும் பஸ் கம்பெனிக்காரருக்கும் வேண்டியது அந்த எண்தான்.